தகரக் கொட்டகையில் 144.4

போனில் குடோன்கார அண்ணன் சொன்ன முதல் வாக்கியமே குழப்பியது. "தம்பி, குடோன்ல சரக்கு ரொம்பிக் கிடந்தப்ப வைஃபை நல்லாத்தான் ஓடுச்சு. எல்லாம் லோடு ஏத்தி அனுப்பிக் காலியானதும் படுத்துக்குச்சு. வந்து பாத்துட்டுப் போங்க."

வழக்கமாக இதற்கு நேர் எதிராகத்தான் புகார் வரும். துணி பேல் அடுக்கினால் சிக்னலைக் குடித்துவிடும், சரக்கு வந்தால் அடிவாங்கும், காலியானால் சரியாகும். இங்கே தலைகீழ். முதலில் நான் நம்பவில்லை, கேபிளில் எலி கடித்திருக்கும் என்றுதான் கிளம்பிப் போனேன்.

இடம் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில். பனியன் துணி வைக்கும் குடோன். 60 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், மேலே தகரம், சுற்றிலும் தகரம், தரை சிமென்ட். ஒரு கோடியில் கண்ணாடி வைத்த சின்ன ஆபீஸ், அதன் மேலே சுவரை ஒட்டி வைஃபை பரப்பும் பெட்டி, ஆக்சஸ் பாயின்ட். மறு கோடியில் பேக்கிங் மேசை, அங்கே ஒரு லேப்டாப்பும் இரண்டு ஸ்கேனரும். நடுவில் எதுவும் இல்லை. உள்ளே நின்று கை தட்டினால் சத்தம் ஓய ஒரு நேரம் ஆனது. அந்தக் கைதட்டலிலேயே விடை இருந்தது, எனக்குத்தான் உறைக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

எனக்கு முன்னால் வந்து பார்த்தவர் இரண்டு காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார். பவரை உச்சத்துக்கு ஏற்றியிருந்தார், அது போதாது என்று அதே சேனலில் இன்னொரு பெட்டியையும் மாட்டியிருந்தார். இரண்டாவது பெட்டியைக் கழற்றி வைத்தேன், கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனால் நோய் தீரவில்லை. லேப்டாப்பில் சிக்னல் கோடு எல்லாம் முழுசாக நிற்கிறது, அளந்தால் மைனஸ் 50 டிபிஎம் பக்கம், இது அருமையான அளவு. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் 18 எம்பிபிஎஸ், சில நொடி 9, சில நொடி 25. பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 3 மில்லிசெகண்டிலிருந்து 200க்குத் தாவுகிறது.

"சிக்னல் ஃபுல்லா இருக்குதுல்ல தம்பி, அப்புறம் ஏன் ஓடமாட்டேங்குது?"

நியாயமான கேள்வி. ஆக்சஸ் பாயின்டின் உள்ளே போய், லேப்டாப்புக்கு எந்த வேகத்தில் அனுப்புகிறது என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 144.4 எம்பிபிஎஸ் காட்டும், உடனே 57.8க்கு விழும், 28.9க்குப் போகும், மெல்ல ஏறி 115.6, திரும்ப விழும். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறுபடி மறுபடி அனுப்பப்பட்ட பாக்கெட். பெட்டி உரக்கக் கத்துகிறது, லேப்டாப்புக்கு நன்றாகவே கேட்கிறது, ஆனால் என்ன சொன்னது என்று புரியவில்லை.

இந்த 144.4 என்ற எண் எல்லார் லேப்டாப்பிலும் ஒரு முறையாவது கண்ணில் பட்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தாலே இந்தக் கேஸ் பாதி முடிந்துவிடும்.

அந்த எண்ணை உரித்தால்

802.11என் என்ற வைஃபை தலைமுறை, 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல். அந்த அகலத்தை 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சின்னச் சின்ன அலைகளாகப் பிரிக்கிறார்கள். இவைதான் சப்கேரியர்கள். மொத்தம் 64 இடம், ஓரத்திலும் நடுவிலும் சிலதை விட்டுவிட்டு 56ஐப் பயன்படுத்துகிறார்கள், அதில் 4 வழிகாட்டி அலைகள், தகவல் சுமப்பவை 52. ஒவ்வொன்றும் நல்ல சூழலில் ஒரு தடவைக்கு 6 பிட் தூக்கும். ஆக 312 பிட். பிழை திருத்த ஆறில் ஒரு பங்கு போக மிச்சம் 260 பிட். இது ஒரு சிம்பல். அந்தச் சிம்பலை அனுப்ப 3.2 மைக்ரோசெகண்ட், அதோடு முன்னால் ஒரு காப்பு இடைவெளி 0.8 மைக்ரோசெகண்ட், மொத்தம் 4. 260ஐ 4ஆல் வகுத்தால் 65 எம்பிபிஎஸ். காப்பு இடைவெளியைப் பாதியாக்கி 0.4 வைத்தால் மொத்தம் 3.6, வேகம் 72.2. இரண்டு ஆன்டெனா வழியாக இரண்டு தனித் தனி ஓடைகள் அனுப்பினால் 144.4.

ஒரே எண்ணில் இரண்டு வித்தை இருக்கிறது. 52 என்பது பல சுமப்பி வித்தை, ஓஎஃப்டிஎம் என்கிறோமே அது. கடைசியில் இரண்டால் பெருக்கியது பல ஆன்டெனா வித்தை, மைமோ. புத்தகங்களில் இரண்டும் தனித் தனி அத்தியாயம். நான் படித்தபோதும் அப்படித்தான் படித்தேன், ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே எதிராளி, எதிரொலி. முதலாவது அதை அடக்குகிறது, இரண்டாவது அதை வேலைக்கு வைத்துக்கொள்கிறது, முதலாவது அடக்கிக் கொடுக்காவிட்டால் இரண்டாவதால் வேலை வாங்க முடியாது. இந்தத் தகரக் கொட்டகை இதைக் கண் முன்னால் காட்டியது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மண்டபத்து மைக்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதியவர்கள் பேரை ஒருவர் மைக்கில் கடகடவென்று வாசிப்பார், ஒரு பேர் கூடப் புரியாது. முதல் பேரின் எதிரொலி வந்து சேரும்போது அவர் மூன்றாவது பேரில் இருப்பார். அதே மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் அழகாகக் கேட்கும், எதிரொலியும் அதே ஸ்வரம்தானே, வந்து ஒட்டிக்கொண்டு போகும்.

ரேடியோவிலும் அதேதான். 20 மெகாஹெர்ட்ஸையும் ஒரே அலையாக வைத்து வேகவேகமாக அனுப்பினால் ஒவ்வொரு குறியும் 50 நானோசெகண்ட் மட்டுமே நிற்கும். எதிரொலியின் வால் 500 நானோசெகண்ட் இருந்தால் அடுத்த பத்துக் குறிகளின் மேல் போய் விழும். அதற்குப் பதிலாக 52 பேர் ஆளுக்கு ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக 3.2 மைக்ரோசெகண்ட் இழுத்தால் மொத்த வேகம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஒவ்வொருவரும் அறுபது மடங்கு மெதுவாகப் பேசுகிறார்கள். எதிரொலி வந்தால் என்ன, அந்த ஸ்வரத்தின் பலமும் கட்டமும் (அலை ஏறி இறங்கும் நேரம்) கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

52 ஸ்வரமும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடாதா? கலக்கத்தான் செய்கிறது, அலைவரிசையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் நிற்கிறது. ஆனால் 3.2 மைக்ரோசெகண்டுக்குள் ஒவ்வொரு அலையும் முழு எண்ணிக்கையில் சுற்று போடும்படி இடைவெளி பார்த்து வைத்திருப்பதால், ஒன்றின் உச்சி இருக்கும் இடத்தில் மற்ற எல்லாவற்றின் அளவும் பூஜ்யம். 3.2 மைக்ரோசெகண்டின் தலைகீழி 312.5 கிலோஹெர்ட்ஸ், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1966இல் பெல் லேப்ஸில் ராபர்ட் சாங் இதை எழுதினார். ஆனால் அத்தனை அலைக்கும் தனித் தனிக் கருவி வைத்தால் அலமாரி அளவு பெட்டி ஆகிவிடும். 1971இல் வைன்ஸ்டீனும் எபர்ட்டும் ஃபூரியே உருமாற்றக் கணக்கு ஒன்றிலேயே எல்லா அலையையும் ஒரே வீச்சில் செய்யலாம் என்று காட்டினார்கள். சிப் மலிவாக வரும்வரை அது பெரும்பாலும் தாளில் கிடந்தது.

அண்ணனின் ஆபீஸ் பீரோ மேல் பழைய பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம் ஒன்று தூசியோடு கிடந்தது. 2005 வாக்கில் நம்ம ஊருக்கு வந்ததே, அந்த ஏடிஎஸ்எல். அதுவும் இதே வித்தைதான், டெலிபோன் கம்பியில் 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான ஸ்வரம். கம்பியில் எந்த அதிர்வெண் கெட்டுப்போயிருக்கிறதோ அதில் குறைவாக ஏற்றி, நன்றாக இருப்பதில் நிறைய ஏற்றும். அண்ணனிடம் சொன்னேன், "அதைத் தூக்கிப் போடாதீங்கண்ணா, இதோட பெரியப்பா அது." அவர் சிரிக்கவில்லை.

காப்பு இடைவெளி

இப்போது கேஸுக்கு வருகிறேன். ஒவ்வொரு சிம்பலுக்கும் முன்னால் இருக்கும் 0.8 அல்லது 0.4 மைக்ரோசெகண்டில் அனுப்புவது வெற்றிடம் இல்லை. அந்தச் சிம்பலின் கடைசித் துண்டையே வெட்டி முன்னால் ஒட்டுகிறார்கள். 1980இல் பெலெட், ரூயிஸ் இருவரும் எழுதிய யோசனை. வாங்கும் பக்கம் அந்த முன் துண்டை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு அதற்குப் பின்னால் வரும் 3.2 மைக்ரோசெகண்டை மட்டும் எடுக்கும். முந்தின சிம்பலின் எதிரொலி எல்லாம் அந்த எறியப்படும் துண்டுக்குள் ஓய்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஓயாமல் எல்லை தாண்டி வந்தால் இரண்டு கேடு: போன சிம்பல் இந்தச் சிம்பலில் கலக்கிறது, அதோடு "முழுச் சுற்று" என்ற கணக்கு உடைந்து 52 ஸ்வரமும் ஒன்றுக்குள் ஒன்று கசிகிறது.

ரேடியோ அலை ஒரு மைக்ரோசெகண்டில் 300 மீட்டர் போகும். அப்படியானால் 0.4 மைக்ரோசெகண்ட் என்பது 120 மீட்டர். நேர் வழியில் வரும் அலையைவிட எதிரொலி 120 மீட்டர்வரை அதிகம் சுற்றி வரலாம், அதற்கு மேல் போனால் எல்லை தாண்டியது.

குடோனின் நீளம் 60 மீட்டர். ஒரு கோடிக்குப் போய் மறு கோடிக்குத் திரும்பினால் சரியாக 120 மீட்டர்.

இதை ஒரு டெலிவரி சலானின் பின்பக்கம் எழுதிப் பார்த்ததும்தான் கைதட்டல் ஞாபகம் வந்தது. வீட்டில் செங்கல் சுவரில் ஒவ்வொரு தடவை முட்டும்போதும் அலை பெருமளவு செத்துவிடும், நாலு அறை தாண்டுவதற்குள் எதிரொலி ஓய்ந்துவிடும், அங்கே 0.4 தாராளம். தகரம் அலையை விழுங்காது, கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அடிக்கும். ஒரு முழுச் சுற்றில் அலை பரவியே கொஞ்சம் பலவீனமாகும், ஆனாலும் 6 பிட் ஏற்றிய சிம்பலைக் கெடுக்க அந்த மிச்சம் போதும். பேல் அடுக்கியிருந்தபோது என்ன ஆனது? துணி எதிரொலியைக் குடித்தது. நேர் வழியையும் கொஞ்சம் குடித்தது, ஆனால் அதில் மிச்சம் இருந்தது. சரக்கு இருக்கும்வரை அந்த பேல்கள்தான் சத்தமில்லாமல் குடோனைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

பவரை ஏற்றியவர் ஏன் தோற்றார் என்பதும் இப்போது தெரியும். பவரை ஏற்றினால் நேர் அலையும் ஏறும், எதிரொலியும் அதே விகிதத்தில் ஏறும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு இம்மி மாறாது. மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் மொய்ப் பட்டியல் புரிந்துவிடுமா என்ன.

செட்டிங்கில் ஷார்ட் ஜிஐ, அதாவது குறுகிய காப்பு இடைவெளி, என்ற ஒரு டிக்கை எடுத்தேன். காப்பு இடைவெளி 0.8 ஆனது, அதாவது 240 மீட்டர். ஐபெர்ஃப் 70ஐத் தாண்டி நின்றது. பட்டியலில் 130ம் 117ம் மாறி மாறி. அதிகபட்ச வேகம் 144.4லிருந்து 130க்குக் குறைந்தது, கையில் கிடைத்தது நாலு மடங்கு ஏறியது. (ஒரு எச்சரிக்கை: 130 என்று பார்த்ததும் லாங் ஜிஐ என்று முடிவு கட்டக்கூடாது, ஷார்ட் ஜிஐயில் ஒரு படி கீழே இறங்கினாலும் அதே 130 வரும். பக்கத்தில் எம்சிஎஸ் எண், அதாவது வேகப் படியின் எண், 15ஆ 14ஆ என்று பாருங்கள். நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.)

இரண்டாவது சுற்று 240 மீட்டரில் வருமே, அது திரும்ப எல்லையில் முட்டாதா என்று கேட்கலாம். முட்டும். ஆனால் இன்னும் இரண்டு சுவரில் அடிபட்டு, இன்னும் தூரம் நடந்து, ஷட்டர் திறந்திருந்தால் பாதி வெளியே போய், களைத்துத்தான் வரும். எல்லை தாண்டிய எதிரொலி மொத்தமும் விஷம் இல்லை, எவ்வளவு நேரம் தாண்டியதோ அந்த அளவுக்கே கெடுக்கும்.

வைஃபை 6இல் இந்த 0.4ஐயே எடுத்துவிட்டார்கள். சிம்பலை 12.8 மைக்ரோசெகண்டாக நீட்டி, காப்புக்கு 0.8, 1.6, 3.2 என்று மூன்று அளவு கொடுத்திருக்கிறார்கள். சிம்பல் நாலு மடங்கு நீண்டதால் 0.8 வைத்தாலும் நேரத்தில் 6 சதவீதம்தான் வீண், பழைய கணக்கில் அது 20 சதவீதம். அந்த வகைப் பெட்டி வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அண்ணனின் ஸ்கேனர் இரண்டும் பழசு.

அதே எதிரொலி, இப்போது வருமானம்

லேப்டாப்பில் 130 நின்றது என்றேன். அது ஒரு ஓடை இல்லை, 65, 65 என்று இரண்டு ஓடை. ஒரே சேனல், ஒரே நேரம், இரண்டு ஆன்டெனாவிலிருந்து இரண்டு வெவ்வேறு தகவல். வாங்கும் இரண்டு ஆன்டெனாவுக்கும் கலவைதான் கேட்கும். பிறகு எப்படிப் பிரிக்கிறது? பள்ளிக்கூடத்துச் சமன்பாடுதான்.

x + y = 7, x − y = 1 என்றால் x 4, y 3. முடிந்தது. இதில் x, y இரண்டும் அனுப்பியவை, 7ம் 1ம் இரண்டு ஆன்டெனா கேட்டவை, நடுவில் இருக்கும் கூட்டல் கழித்தல்தான் அலை வந்த வழி. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் இருவருக்கும் தெரிந்த ஒரு பாடத்தை முதலில் அனுப்புவார்கள், அதை வைத்து வழி எப்படி இருக்கிறது என்று வாங்குகிறவர் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது ஆன்டெனாவுக்கு 2x + 2y = 14 என்று கேட்டிருந்தால்? புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதல் சமன்பாட்டின் நகல். x + 1.1y = 7.3 என்றால் பிரியும், பிரித்துப் பாருங்கள், x 4, y 3. ஆனால் இரைச்சலால் 7.3 கொஞ்சம் நகர்ந்து 7.4 ஆகிவிட்டால் விடை x 3, y 4. 0.1 இரைச்சல் விடையையே புரட்டிப் போட்டுவிட்டது. ஆக இரண்டு ஆன்டெனாவும் போதிய அளவு வித்தியாசமாகக் கேட்க வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தருவது எதிரொலிதான். தகரக் கொட்டகையில் அலை ஆயிரம் திசையிலிருந்து வருகிறது, சில சென்டிமீட்டர் நகர்ந்த ஆன்டெனாவுக்கு வேறு கலவை கிடைக்கிறது. காப்பு இடைவெளியைக் கெடுத்த அதே தகரம், இரண்டாவது ஓடையை இனாமாகக் கொடுத்தது.

இங்கேதான் இரண்டு வித்தையும் கைகோக்கின்றன. சப்கேரியராகப் பிரிக்காமல் ஒரே அலையாக அனுப்பியிருந்தால் சமன்பாட்டில் x, y இரண்டு மட்டும் இருக்காது, எதிரொலி வாலால் போன பத்துக் குறியின் x, y எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். சப்கேரியராகப் பிரித்ததும் ஒவ்வொரு சப்கேரியருக்குள்ளும் வழி ஒரு எளிய எண்ணாகச் சுருங்கிவிடுகிறது, 52 சின்னச் சமன்பாட்டு ஜோடி, ஒவ்வொன்றிலும் இரண்டே அறியா எண்கள். விரல் நகம் அளவு சிப் அதை நொடிக்குப் பல லட்சம் தடவை தீர்த்துவிட்டுப் போகிறது. 

கூரைக்கும் கூரைக்கும்

குடோன் முடிந்தது என்று பையை மூடும்போது அண்ணன் மாடிக்குக் கூட்டிப் போனார். முற்றத்துக்கு அப்பால் 80 மீட்டரில் இன்னொரு கட்டடம், அதற்கும் இதே மாதிரிப் பெட்டி ஒன்றை எதிரும் புதிருமாக வைத்து இணைப்பு கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு தென்னை ஓலை கூட இல்லை.

"இங்க நேருக்கு நேர் தெரியுது, 65தான் காட்டுது. தகரத்துக்குள்ள 130 காட்டுது. என்ன நியாயம் தம்பி இது?"

நேருக்கு நேர் தெரிவதுதான் பிரச்சினை. எதிரொலி இல்லை, வந்தாலும் அற்பம். பெட்டியில் இரண்டு குச்சி ஆன்டெனா, நடுவில் 15 சென்டிமீட்டர். எதிரே உள்ள குச்சிக்கு நேராக வரும் தூரத்துக்கும் குறுக்காக வரும் தூரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பித்தாகரஸ் போட்டால் 0.14 மில்லிமீட்டர். அலைநீளம் 125 மில்லிமீட்டர். இரண்டு குச்சிக்கும் ஒரே பாட்டு, 2x + 2y = 14 கேஸ். வித்தியாசம் கால் அலைநீளமாவது வேண்டும், அதாவது 31 மில்லிமீட்டர். அதற்கு இரு பக்கமும் குச்சிகளைச் சுமார் இரண்டேகால் மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பெட்டி அதை எப்போதோ உணர்ந்து இரண்டாவது ஓடையைக் கைவிட்டிருந்தது. எம்சிஎஸ் எண் 7க்கு மேல் போகவே இல்லை, 0லிருந்து 7வரை ஒரு ஓடை, 8லிருந்து 15வரை இரண்டு ஓடை என்பதுதான் இந்தத் தலைமுறையின் கணக்கு.

இரண்டேகால் மீட்டர் கம்பி நட வேண்டியதில்லை. ஒரு குச்சியை நிமிர்த்தியே விட்டேன், மற்றதைப் படுக்க வைத்தேன், எதிர்ப் பெட்டியிலும் அதேபோல. படுக்க வைப்பதில் ஒரு நுணுக்கம், எதிர்க் கட்டடத்தைச் சுட்டிக்காட்டுவது மாதிரி நீட்டக்கூடாது, குச்சியின் நுனித் திசையில் அது அனுப்பவே அனுப்பாது. குறுக்கே படுக்க வேண்டும். இப்போது நிமிர்ந்த அலை நிமிர்ந்த குச்சிக்கு, படுத்த அலை படுத்த குச்சிக்கு, ஒன்றை மற்றது அவ்வளவாகக் கேட்பதில்லை. சமன்பாடு ஏறக்குறைய x = 4, y = 3 என்று தீர்த்தே வந்துவிடுகிறது. 130 வந்தது. வெட்டவெளியில் எதிரொலிப் பயம் இல்லை என்பதால் இங்கே மட்டும் ஷார்ட் ஜிஐயைப் போட்டேன். 144.4. குடோனுக்குள் தேடிய எண் மொட்டை மாடியில் கிடைத்தது. செல்போன் டவரில் இருக்கும் நீளப் பலகைக்குள்ளும் ஆன்டெனாக்கள் ஜோடி ஜோடியாக, பெருக்கல் குறி மாதிரி சாய்ந்துதான் இருக்கும், அதே காரணம்.

இந்தச் சாலையில் நின்றுகொண்டு ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் இருந்து அப்சோ என்ற சோனாரை உருவாக்கியவர். சோனார் என்பதும் பல செவி வைத்துத் தண்ணீருக்குள் எந்தத் திசையிலிருந்து என்ன சத்தம் என்று பிரிக்கிற வேலைதான். பிறகு ஸ்டான்ஃபோர்டில், தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து, ஒரே அதிர்வெண்ணில் பல ஓடைகளை அனுப்பி ஆன்டெனாக்களால் பிரிக்கலாம் என்ற காப்புரிமைக்கு 1992இல் விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. பெல் லேப்ஸில் டெலட்டாரும் ஃபோஷினியும் அதன் கணிதத்தை அடுத்தடுத்த வருடங்களில் எழுதினார்கள். ஓஎஃப்டிஎம்மோடு அதைச் சேர்க்கும் யோசனையை ஸ்டான்ஃபோர்டில் கிரெக் ராலேயும் ஜான் சியோஃபியும் 90களிலேயே எழுதிவிட்டார்கள். அந்த சியோஃபிதான் பீரோ மேல் கிடந்த ஏடிஎஸ்எல் மோடத்தின் பல ஸ்வர வித்தைக்கும் பேர் போனவர். பால்ராஜ் 1998இல் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் ஐயோஸ்பான், இரண்டையும் சேர்த்துப் பெட்டியாகவே செய்து காட்டியது. 2003இல் இன்டெல் அதை வாங்கியது. 2009இல் 802.11என் வந்து எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 2014இல் பால்ராஜுக்கு மார்கோனி பரிசு கொடுத்தார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பொள்ளாச்சிக்காரரா?" என்று ஒரு நிமிஷம் சாலையைப் பார்த்தார்.

4ஜியிலும் 5ஜியிலும் இதே இரண்டு வித்தைதான், அளவு மட்டும் வேறு. 4ஜியில் சப்கேரியர் இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ், காப்பு ஏறக்குறைய 4.7 மைக்ரோசெகண்ட், அதாவது 1.4 கிலோமீட்டர். ஊருக்குள் கட்டடம், மலை, தண்ணீர்த் தொட்டி என்று சுற்றி வரும் எதிரொலிக்கு அவ்வளவு வேண்டும். 5ஜி டவரில் ஒரே பலகையில் 64 அனுப்பிகள் வரை வைக்கிறார்கள், நம் போனில் அவ்வளவு குச்சிக்கு இடம் ஏது, அதனால் அந்த 64ஐ வைத்து ஒரே நேரத்தில் பல போன்களுக்கு ஆளுக்கொரு ஓடை பிரித்துக் கொடுக்கிறார்கள்.

எல்லாம் இலவசமும் இல்லை. 52 ஸ்வரமும் எப்போதாவது ஒன்றாகச் சேர்ந்து உச்சத்துக்குப் போகும், அந்த ஒரு கணத்துக்காக ஆம்ப்ளிஃபயரை எப்போதும் அடக்கியே ஓட்ட வேண்டும், மின்சாரம் வீண். பேட்டரி பாவம் என்று 4ஜியில் போன் அனுப்பும் பக்கத்துக்கு வேறு மாதிரி மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பெட்டியின் படிகமும் ஆளுக்கு லட்சத்தில் இரண்டு பங்கு எதிரெதிராக விலகினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 96 கிலோஹெர்ட்ஸ், சப்கேரியர் இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டேதான் ஓடுகிறது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போன். "குடோன்ல பிரச்சினை இல்ல தம்பி, மாடிப் பெட்டிதான் பழையபடி 65க்கு வந்துருச்சு." போய்ப் பார்த்தேன். மாடி கூட்ட வந்த பையன், ஒரு குச்சி சாய்ந்து கிடக்கிறதே என்று நல்ல மனசோடு இரண்டையும் நிமிர்த்தி வைத்துவிட்டிருந்தான். திரும்பப் படுக்க வைத்துவிட்டு, பேக்கிங் மேசையிலிருந்து மார்க்கர் வாங்கி வந்து பெட்டி மேல் எழுதினேன்: "இந்தக் குச்சி இப்படியே இருக்கட்டும். நிமிர்த்த வேண்டாம்."